மூணாற்றுக்கு ஒரு ஜீப் இளநீர்

என் மாப்பிள்ளை விண்வெளியில் வியாபாரம் செய்துகொண்டிருக்கிறார். கேரள எல்லையோரப் பெருமாட்டியில், எங்கள் வீட்டுப் பின்னறையில், ஏ.சி. போட்டு, கழுத்துவரை போர்த்திக்கொண்டு, கம்ப்யூட்டரில். வெளியே பங்குனி வெயில் தென்னையின் உச்சியைக் காய்ச்சுகிறது. அக்கா மகன்தான், என் மகளைக் கட்டும் முன்பு டேய் போட்டுத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இப்போது ‘ங்க’ போட வேண்டியிருக்கிறது.

“இந்த வெளையாட்டுல ஜெயிக்கறது எப்படிங்க?” என்று கேட்டேன்.

“ஜெயிக்கறதெல்லாம் கெடையாதுங்க மாமா. முடிவே இல்ல. மொதல்ல ஒரு ஓட்டக் கப்பல் குடுப்பாங்க. எங்க வேணாலும் போலாம், எத வேணாலும் ஏத்தி விக்கலாம். அப்பறம் நம்ம சாமர்த்தியந்தான்.”

சாமர்த்தியத்தைப் பார்த்தேன். எந்த நட்சத்திரத்தில் எந்தச் சரக்குக்கு என்ன விலை என்று ஓரத்தில் வரிசையாக வருகிறது. அதைப் பார்த்து ஏற்றி, அங்கே போய் இறக்குகிறார். போகிற ஊரின் விலை புறப்படும் முன்பே தெரிந்துவிட்டால், எங்கள் எருமைகூட வியாபாரம் செய்யும்.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபதுகளில் அது எங்கள் தேங்காய்க் கிடங்கு. ஒருநாள் அப்பா அதைக் காலி பண்ணிச் சுண்ணாம்பு அடித்து, ஒரு கயிற்றுக் கட்டிலையும் போட்டுவைத்தார். இன்றைக்கும் மழைக்காலத்தில் அந்தச் சுவர் சுண்ணாம்பு வாசனை விடும். விட்டால் எனக்கு மச்சான் ஞாபகம்தான் வரும். அறை அவருக்காகத் தயாரானது.

மச்சான் என்றால் அக்கா புருஷன். இந்த விண்வெளி வியாபாரியின் அப்பா. ஏலத்தில் ஒரு பழைய ஜீப்பும் டிரெய்லரும் எடுத்து வைத்துக்கொண்டு, எதை ஏற்றி எங்கே விற்பது என்று தெரியாமல் அதைத் தினமும் கழுவிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. “ஒரே ஒரு லோடு ஏத்திப் போயிட்டு வரட்டும். அது தேறலீன்னா வண்டியக் குடுத்துப்போட்டு, பொண்டாட்டியோட வந்து நம்ம தோப்பப் பாத்துக்கட்டும்” என்று பெரியவர்களை வைத்துப் பேசி முடித்துவிட்டார். அதாவது, ஊட்டோட மாப்பிள்ளை. அன்றைக்கு எங்கள் பக்கத்தில் அதைவிடத் தலைகுனிவு ஓர் ஆணுக்கு வேறு இல்லை. விசேஷ வீடுகளில் அவனுக்கு இலை போடுவார்கள், பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

மச்சான் யோசித்தார். அவர் யோசிப்பதைப் பார்ப்பது பெரிய தண்டனை. “மாப்ள, மூணாறு. தேயிலக் காடு பூரா ஆளுங்க. நாளெல்லாம் வேல செய்யறாங்க. தாகம் எடுக்குமில்ல?” என்றார். தாகம் எடுக்கும்தான் என்று எனக்கும் பட்டது. வாளையார்க் கணவாய்க் காற்று அடுப்பு வாய் மாதிரி வீசும் ஊரில் பிறந்தவனுக்கு, உலகமே நாக்கு வறண்டு கிடப்பதாகத்தான் தோன்றும். ஜீப்பில் முழுக்க இளநீர். மிச்சம் இருந்த டிரெய்லரில் எங்கள் பனைகளில் வெட்டின நுங்குக் குலை. நுங்கு இடத்தை அடைக்கப் போட்டது. வியாபாரம் இளநீரில்தான் என்பது மச்சானின் திட்டம்.

பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் போனோம். கேரளாவிலிருந்து கிளம்பி, தமிழ்நாட்டில் நுழைந்து, மறுபடியும் கேரளாவுக்குள் போக வேண்டும். சின்னாறு செக்போஸ்டில் காவலர் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார். “மூணாறிலேக்கோ? இளநீரோ?” என்று கேட்டுவிட்டு, உள்ளே இருந்தவரையும் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் சிரித்தார்கள். கேரளக்காரர்கள் நல்ல மாதிரி, சிரித்த முகம் என்றார் மச்சான்.

மறையூர் தாண்டியதும் என் பற்கள் அடித்துக்கொள்ள ஆரம்பித்தன. மச்சான் தலைத்துண்டை அவிழ்த்துக் கழுத்தில் சுற்றினார். மூணாற்றுக் கடைத்தெருவில் கோடைமழை தூறிக்கொண்டிருந்தது. மூடுபனியில் எதிர்க்கடை தெரியவில்லை. தெருவில் இருந்த அத்தனை பேர் கையிலும் ஆவி பறக்கும் டீ. மளிகைக் கடைக்காரர், மப்ளருக்குள் மூக்கு மட்டும் தெரிய, எங்கள் சரக்கைச் சுற்றி வந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர்.

“என்னவே இது?”

“எளநீங்க. ஒண்ணு குடிச்சுப் பாருங்க, ஒடம்புக்குக் குளுமைங்க.”

“குளுமையா? இங்க அது ஓசியில கெடைக்கி வே. நீரு வேணும்னா ரெண்டு மூட்ட கட்டிட்டுப் போரும்.”

கடை முழுக்கச் சிரித்தது. மச்சானும் கூடச் சிரித்தார். அவருக்கு அவமானம் மெதுவாகத்தான் ஏறும். அது ஏறியதும் ஜீப் ஓரமாக உட்கார்ந்துகொண்டு, “அந்த ரூமுல சன்னல் இருக்குதா மாப்ள?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன். வேறு என்ன சொல்ல?

வேலை விட்டு எஸ்டேட் பெண்கள் கம்பளியைத் தலையில் கவிழ்த்தபடி வந்தார்கள். இளநீரை ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பெரியம்மா மட்டும் டிரெய்லர் பக்கம் நின்றாள்.

“ஏட்டி, இங்க வாங்கட்டி! நொங்குட்டி!”

“குளுருல நொங்கா? சளி புடிக்கும்க்கா.”

“புடிச்சா புடிக்கட்டும். ஊர விட்டு வந்து இத நான் கண்ணால பாக்கல.” என்னைப் பார்த்து, “வெட்டுய்யா” என்றாள். வெட்டினேன். நுங்கின் கண்ணுக்குள் கட்டைவிரலை விட்டு ஒரே நெம்பில் எடுத்து உறிஞ்சினாள். பிறகு நான் வெட்டிய காயைத் திருப்பிப் பார்த்தாள். “இது வெட்டுன வெட்டா? எலி கடிச்ச மாதிரில்லா இருக்கு.”

திருநெல்வேலிச் சீமைப் பனங்காட்டிலிருந்து மலையேறி வந்தவர்கள் அவர்கள். நடுங்கிக்கொண்டே தின்றார்கள், தும்மிக்கொண்டே தின்றார்கள், ஆளுக்கொரு குலையைக் கம்பளிக்குள் மறைத்துக்கொண்டு போனார்கள். டிரெய்லர் காலி. கடைசியாகப் போன பெரியம்மா மச்சானிடம், “அந்த எளநியக் கொண்டுபோயி உம்ம பொண்டாட்டிக்குக் குடும். அடுத்த தடவ கருப்பட்டி கொண்டாரும்” என்றாள். அன்று தொடங்கியதுதான் மச்சானின் கருப்பட்டி வியாபாரம்.

இறக்கம் இறங்கும்போது, “டிரெய்லர்ல நுங்கப் போட்டது ஆரோட ரோசனை?” என்று கேட்டார் மச்சான். என் நாட்குறிப்பில் அன்று எழுதியது இவ்வளவுதான்: நுங்கு போயிற்று. இளநீர் போகவில்லை. மச்சானும் போகவில்லை.

ஊர் வந்ததும் அப்பா வாசலில் நின்று ஜீப்பைப் பார்த்தார். இளநீர் அப்படியே இருந்தது. “கட்டல ஒதறிப் போடட்டுங்களா மாப்பிள்ள?” என்றார். மச்சான் காலி டிரெய்லரைக் காட்டிவிட்டு, ஒரு இளநீரைச் சீவி நீட்டினார். “வெயிலுக்குக் குடிங்க மாமா.” அப்பா வாங்கிக் குடித்தார். கட்டில் மாட்டுக்கொட்டகைக்குப் போனது. அந்த அறையில் மச்சான் ஒரு பகல்கூடத் தலை சாய்த்ததில்லை.

இப்போது ஜீப் இல்லை. பனைகள் செங்கல் சூளைக்குப் போய்விட்டன. ஊட்டோட மாப்பிள்ளை என்ற சொல்லையே வாயில் வைக்க ஆள் இல்லை. மகனை எப்போது அழைத்துப் போகிறீர்கள் என்று போன மாதம் மச்சானிடமே கேட்டேன். “அங்கயே இருக்கட்டும் மாப்ள. இங்க ஏ.சி. இல்லீல்ல” என்றார், கொஞ்சமும் கூசாமல்.

கம்ப்யூட்டரில் கப்பல் ஏதோ ஒரு கோளில் இறங்கியது. ஒரு பெண் குரல் வரவேற்றது. சரக்கு மொத்தமும் விற்றுப் போயிற்று. சுற்றி நின்று சிரிக்க ஒரு மப்ளர்கூட இல்லை.

மனசு கேட்கவில்லை. வெயிலுக்கு நல்லதாயிற்றே என்று, ஒரு இளநீரைச் சீவி எடுத்துக்கொண்டு உள்ளே போய் நீட்டினேன். மாப்பிள்ளை போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டார்.

“வேண்டாங்க மாமா. குளுருது.”