கையில் குத்திய ஊர்ப்பெயர்

காது கேளாத பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே அம்மா சேந்தமங்கலத்துச் சந்தை முழுக்க ஓடியது இன்றைக்கும் என் கண்முன் நிற்கிறது. என் தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதனால் பேச்சும் வரவில்லை. கூப்பிட்டுப் பயனில்லை என்று அம்மாவுக்குத் தெரியாதா? தெரிந்தும் கூப்பிட்டாள். தானியக் குவியல்களுக்கும் கட்டிப்போட்ட ஆடுகளுக்கும் நடுவே முந்தானை சரிந்ததுகூடத் தெரியாமல் ஓடினாள். பொழுது சாய்கிற நேரத்தில், மலையடிவாரப் பாதையில் நின்றிருந்த தங்கையை விறகு சுமந்து வந்த பெண்கள் சந்தைக்குக் கூட்டிவந்தார்கள். "எந்த ஊரு சாமீன்னு கேட்டா முழிக்குதுங்க. யாரு புள்ளைன்னு நாங்க எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்றாள் ஒருத்தி. அந்தக் கேள்வியை அம்மா வண்டியில் வரும் வழியெல்லாம் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தாள். தங்கையின் கையை ஊர் வந்து சேரும்வரை விடவில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பச்சை குத்தாத பெண்ணைப் பார்ப்பது அபூர்வம். முன்கையில் கோலமோ தேளோ இருக்கும். மோவாயில் ஒரு புள்ளி இருக்கும். செத்தால் தோடு மூக்குத்தியெல்லாம் கழற்றிக்கொள்வார்கள், பச்சை ஒன்றுதான் கூடவே வரும் என்பார்கள். காத்துக்கருப்பு அண்டாது என்றும் சொல்வார்கள். இப்போது திருவிழாக் கடைகளில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கையை நீட்டி, மெஷினில் பெயர் குத்திக்கொள்வதைப் பார்க்கிறேன். அன்றைக்கு எழுத்தைக் குத்திக்கொண்ட பெண் ஒருத்தியையும் நான் பார்த்ததில்லை. எழுத்துத் தெரிந்த பெண்களே எங்கள் ஊரில் இல்லை. வாத்தியார் வீட்டுக்குப் போய் இரண்டு வருடம் படித்த நான் ஒருத்திதான் விதிவிலக்கு. அம்மா என்னைக் கூப்பிட்டு, தங்கையின் கையில் ஊர்ப்பெயரைக் குத்த வேண்டும், நீதான் எழுதித் தர வேண்டும் என்றாள். எங்கள் ஊர் தோட்டங்காட்டுக்குள் நாலைந்து வீடுகள்தான். பேர் சொன்னால் யாருக்கும் தெரியாது. பெரிய பாதையில் இருக்கிற புதுச்சத்திரத்தின் பெயரைக் குத்தலாம், அங்கே கொண்டுவந்து விட்டால் எப்படியும் வீடு சேர்வாள் என்பது அவள் கணக்கு.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "பொம்பளப் புள்ளைக்கு மாட்டுக்குச் சூடு போடற மாதிரி போடறயா? நாளைக்கு எவன் கட்டுவான்?" என்றார். அம்மா அவரை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்குப் பேசினாள்.

"சூடு போட்ட மாடு தொலைஞ்சா நாலு பேரு பாத்து ஓட்டிக்கிட்டு வந்து உடறாங்க. எம்புள்ள எப்படிங்க ஊடு வந்து சேரும்? அதுக்கு வழி சொல்லுங்க, நான் உட்டுர்றேன்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

பச்சை குத்தும் குறத்தி விளக்குக் கரியைக் கீரைச் சாற்றில் குழைத்து எடுத்து வைத்தாள். நான் ஈர்க்குச்சியால் தங்கையின் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை எழுதினேன். ஊசியைக் கண்டதும் தங்கை திமிறி ஓடி, பட்டிக்குள் ஆடுகளோடு ஒளிந்துகொண்டாள். எதற்கு என்று அவளுக்குச் சொல்ல எங்களுக்கு வழியில்லை.  அம்மா தன் கையை என் முன்னால் நீட்டி, "எனக்கும் அதையே எழுது சாமி" என்றாள். ஏற்கெனவே இருந்த கோலத்துக்குக் கீழே குறத்தி முதலில் அம்மாவுக்குக் குத்தினாள். அம்மா முகம் சுளிக்காமல் தங்கையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். தங்கை பட்டியைவிட்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, தானாகக் கையைக் கொடுத்தாள். புண் ஆறியபின் இருவரும் கையோடு கை வைத்துப் பார்ப்பது அவர்களுக்குள் ஒரு பேச்சாகிவிட்டது.

நாலைந்து வருடம் கழித்து, ஆடிப் பதினெட்டுக்கு ஜேடர்பாளையம் ஆற்றுக்குப் போயிருந்தோம். கூட்டத்தில் தங்கை மறுபடி தொலைந்தாள். யாரோடோ பரிசலில் ஏறி அக்கரை போனதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். ஆறு இழுத்துப் போயிருக்கும் என்றார்கள் சிலர். அப்பா ஒரு மாதம் தேடிவிட்டு ஓய்ந்தார். அம்மா ஓயவில்லை. இருகரை ஊர்களிலும் வீடு வீடாகப் போய்த் தன் கையை நீட்டினாள். "ஏனுங்க, இதே மாதிரி கையில எழுத்திருக்கற புள்ள ஒண்ணப் பாத்தீங்களா? பேச வராதுங்க" என்று கேட்டாள். சிலர் பிச்சை என்று நினைத்து அந்தக் கையில் கம்புத் தானியத்தைக் கொட்டினார்கள். கார்த்திகையில் ஆற்றோர ஊர்களில் காலரா வந்தது. போக வேண்டாம் என்று கெஞ்சினேன். "இருக்கறவ நீ இருக்கற சாமி, இல்லாதவளத்தான் தேடோணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். காலரா கண்ட அவளை வண்டியில் கொண்டுவந்து போட்டார்கள். மறுநாளே உயிர் போய்விட்டது.

பங்குனியில், வெல்லம் ஏற்றி வந்த ஒரு வண்டிக்காரர் தங்கையைப் புதுச்சத்திரத்தில் கொண்டுவந்து இறக்கினார். அக்கரையில் ஒரு கிழவி அவளை ஆடு மேய்க்க வைத்துக்கொண்டிருந்தாளாம். கிழவிக்கும் அந்த ஊருக்கும் எழுத்துத் தெரியாது. கையில் இருப்பது ஏதோ சாமி பேர் என்று எண்ணி, வெள்ளிக்கிழமைதோறும் அதன்மேல் குங்குமம் வைத்திருக்கிறாள். வெல்லம் வாங்க வந்த ஒரு வியாபாரி படித்துச் சொன்ன பிறகே அது ஊர்ப்பெயர் என்று தெரிந்திருக்கிறது.

தங்கை வீட்டுக்குள் ஓடிவந்து அம்மாவைத் தேடினாள். அடுப்படி, பட்டி, கிணற்றடி எல்லாம் பார்த்தாள். அவள் திரும்பி வந்தது கேட்டுப் பார்க்க வந்த பெண்களின் கைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். என் கையையும் பார்த்தாள். அதில் எழுத்து இல்லை. சுடுகாட்டுக்குக் கூட்டிப்போய் மண்ணைக் காட்டினோம். கண்ணை மூடிக் காட்டினேன், படுத்துக் காட்டினேன். அவளுக்கு ஏறவில்லை. சோறு தின்னாமல், விடிந்ததும் பெரிய பாதையில் போய் நின்றாள். ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் ஓடினாள். கட்டிப்போடச் சொன்னார்கள் ஊரில். மூன்றாம் தடவையும் தொலைந்தால் தேட அம்மா இல்லையே என்று பயந்தேன்.

குறத்தியைக் கூட்டிவரும்படி அப்பாவிடம் சொன்னேன். எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம் அது. அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் சேந்தமங்கலம் போய்க் கூட்டிவந்தார். அம்மாவின் இடத்தில் நான் நின்றால் தங்கை அடங்குவாள் என்பதுதான் என் எண்ணம். நானே எழுதிக்கொண்டு கையை நீட்டினேன். அம்மாவைப் போலச் சிரிக்க என்னால் முடியவில்லை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பாதையிலிருந்து வந்த தங்கை, ரத்தம் கசியும் என் கையைப் பிடித்துப் பார்த்தாள். தன் கையை அதன் பக்கத்தில் வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள், மறுபடி எழுத்தைப் பார்த்தாள். அது அம்மாவின் கை இல்லை, இனிமேல் அந்தக் கை வராது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் தொண்டையிலிருந்து நாங்கள் அதுவரை கேட்டிராத ஒரு சத்தம் வந்தது. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எவ்வளவோ நேரம் அழுது தீர்த்த பிறகு அவள் எழுந்துபோய் விளக்கெண்ணெய் எடுத்துவந்து, என் கையில் ஒவ்வொரு எழுத்தாகத் தடவிவிட்டாள்.