செயின் மூடி இல்லாத சைக்கிள்

1. நான் மூன்று மாதம் ஒப்பிட்டுத் தேர்ந்த விலையுயர்ந்த ரேஸ் சைக்கிளை, கல்முனைக் கடையொன்றில் ஓட்டிப் பார்க்க எடுத்தேன்.
2. வாசலைத் தாண்டுமுன் என் அபாயா செயினில் சிக்கியது.
3. விற்பனையாளர் கத்தரிக்கோலுடன் ஓடி வந்தார்.

அவர் வெட்டவில்லை. கத்தரிக்கோலைத் தரையில் வைத்துவிட்டு, பார்வையைச் செயினைவிட்டு உயர்த்தாமல், பெடலை மெல்லப் பின்பக்கமாகச் சுழற்றினார். துணி கிழியாமல் வந்தது.

மெலிந்த மனிதர். பேசுமுன் விரல்களை இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைப்பது அவர் வழக்கம் போலும். துடைத்துவிட்டுக் கேட்டார்.

"எங்க ஓடுறதுக்கு, தங்கச்சி?"

"சாய்ந்தமருதுல இருந்து இங்க வேலைக்கு, நானா," என்றேன், அண்ணன் முறை வைத்து.

"அந்தச் சின்னத் தூரம் இதுக்கு மூச்செடுக்கவும் காணாது."

சிரித்துவிட்டேன். "அப்ப இந்த விலை வீணா?"

"வீணில்ல. ரேஸ் ஓடுற ஆளுக்குப் பெறுமதிதான். பாரம் குறையட்டும் எண்டுதான் இதுக்குச் செயின் மூடி போடல்ல. உங்களுக்கு அந்த மூடிதானே வேணும்."

மூன்று மாதம் ஒப்பிட்டு எழுதிய என் அட்டவணையில் நிறை, கியர், பிரேம் எல்லாம் இருந்தன. நான் தினமும் உடுத்தும் அபாயா இல்லை.

மூடி போட்ட சாதாரண சைக்கிளொன்றை அவரே உருட்டி வந்தார். பெரிய விற்பனையொன்றை அத்தனை இலகுவாக எப்படி விட்டார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அந்தச் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன்.