என் மகளை எப்படிக் கூப்பிடுவது

சீனாவின் சூச்சோ நகரில் எங்கள் அடுக்ககத்து லிஃப்டில், எதிர்வீட்டு அம்மாள் தினமும் காலையில் என்னைப் பார்த்து வெடுக்கென்று ஏதோ சொல்வார். அவர் வீட்டுப் பாலை நான் திருடிக் குடித்துவிட்ட மாதிரி இருக்கும். பொறுக்க முடியாமல் என் மனைவி லின்னிடம் முறையிட்டேன். "வேலைக்கா என்று அன்பாகத்தானே கேட்கிறார்" என்றாள். லின் சீனத்துப் பெண். என் காதில்தான் கோளாறு என்பது அவள் கட்சி.

சீன மொழியில் சொல்லோடு ராகமும் பிறக்கிறது. ராகம் மாறினால் சொல்லே வேறு. இது புத்திக்கு ஏற ஒரு நிமிடம் போதும். காதுக்கு ஏறத்தான் வருடக்கணக்காக முட்டி மோதுகிறேன். மொழி வகுப்பில் ஆசிரியை ஒரு சொல்லை ஒலிக்கவிட்டு, என்ன ராகம் என்றார். "கோபமாக இருக்கிறார்" என்றேன். அடுத்ததற்கு, "சந்தேகப்படுகிறார்." வகுப்பே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் திருவிடந்தைக்காரன். கேளம்பாக்கம் ஷேர் ஆட்டோக்காரர் "இன்னா" என்ற ஒரே சொல்லில் குசலம் விசாரிப்பார், சில்லறை கேட்பார், சண்டைக்கும் இழுப்பார். குரல் ஏறி இறங்குவதில்தான் அவர் மனசு தெரியும். அப்படியே வளர்ந்த காதிடம், அது மனசு இல்லை, சொல்லில் ஓர் எழுத்து மாதிரி என்றால் கேட்குமா?

என் காது போனால் போகட்டும். எங்கள் நான்கு வயது மகள் லீனாவின் காதும் என்னை விட்டுப் போய்விட்டது என்பது போன விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோதுதான் தெரிந்தது. சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தேன். லீனா தண்ணீரை நோக்கி நடந்தாள். பெரிய அலை ஒன்று எழுந்தது. "லீனாஆஆ!" என்று அலறினேன். திரும்பவே இல்லை. மறுபடி அலறினேன். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் பாய்ந்து தூக்கினார்.

"இன்னா சார், புள்ளைய தண்ணியாண்ட வுட்டுட்டு சும்மா கத்திகினு கீற?"

மகளைப் பிடித்து உலுக்கினேன். "கூப்ட்டது காதுல வுழல?"

"நீ வேற யாரையோ கூப்ட்ட அப்பா. அது என் பேரு இல்லியே."

லின் அந்தப் பெயரை எப்போதும் இரண்டு வெட்டாக, மேலிருந்து கீழே இறக்கித்தான் சொல்வாள். என்னையும் திருத்தித் திருத்தி அப்படியே கூப்பிட வைத்திருந்தாள். பயத்தில் என் பழைய தொண்டை திறந்துகொண்டது. அந்தக் குரலில் என் மகளுக்குப் பெயரே இல்லை.

மறுநாளும் கடலுக்குப் போக அடம்பிடித்தாள். போனோம். அலை வந்தது. பயத்தை விழுங்கிக்கொண்டு, லின் சொல்கிற மாதிரி வெடுக்கென்று கூப்பிட்டேன். லீனா சிரித்தபடி ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"பச்சப் புள்ளைய ஏன்டா இப்டி வெரட்ற?"

மகளுக்கு அது வெறும் பெயர். அக்காவுக்கு அது வசவு. நான் பயந்து செத்தது இரண்டு பேர் காதிலும் விழவில்லை.