கரையான் ஐயா வீட்டுச் சாவி

"சாவி உங்கையில இருந்தா ஊடு உன்னுதாயிருமா, கண்ணு? அது வந்து…" என்று எங்கள் பெரியப்பா ஒரு பேச்சைத் தொடங்குவார். வெளியூர் போனவர்களின் தோப்புகளையும் பூட்டிக் கிடந்த வீடுகளையும் பார்த்துக்கொண்டவர் அவர். பேச்சின் மீதிப் பாதி எனக்கு நினைவில்லை. மஸ்கட்டில் கிடங்குப் பொறுப்பாளராக இருந்து, என் வயது நாற்பதுகளின் கடைசியில் ஊர் திரும்பி, ஒரு விஞ்ஞானியின் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்ட நாளிலிருந்து அந்த மீதியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நினைவு இல்லக் காப்பாளர் வேலை என்பது, இல்லாத ஒருவருக்காக வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்கிற வேலை. உங்களில் யாராவது 'தொடாதீர்கள்' பலகைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால், நான் சொல்வது புரியும்.

தமிழக எல்லையில் கோவிந்தாபுரம் செக்போஸ்டுக்குக் கேரளப் பக்கம், மாந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கிறது வீடு. அங்கே வாழ்ந்தவர் ஆயுள் முழுக்கக் கரையானை ஆராய்ந்தவர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் அவருக்குப் பெரிய பெயர். ஊரில் கரையான் ஐயா. அவர் பார்த்துப் பார்த்து எழுதிய புற்று, வீட்டின் வடபுறம் இன்றும் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. மகள் சரோஜாக்கா வீட்டை நினைவு இல்லமாக்கக் கொடுத்துவிட்டுப் பின்கட்டில் குடியிருக்கிறார். அவர் வைத்த ஒரே நிபந்தனை, புற்றைத் தொடக்கூடாது என்பது. அந்தப் புற்றின் கரையான்தான் இப்போது வடக்கு அறையைத் தின்றுகொண்டிருக்கிறது. வடக்கு அறைதான் ஐயாவின் ஆராய்ச்சி அறை. மழைக்கு முன்னால் ஏதாவது செய்தாக வேண்டும் என்று நினைவு இல்லத்தை நடத்தும் கமிட்டி சொல்லிவிட்டது. நிலவரம் இதுதான்.

திருநீறு

செருப்பைக் கழற்ற வேண்டாம் என்று தமிழ், மலையாளம் இரண்டு மொழியிலும் பலகை வைத்திருக்கிறேன். இருந்தும் பாதிப் பேர் கழற்றிவிட்டுத்தான் வாசல்படி ஏறுகிறார்கள். ஐயாவின் படத்தைக் கண்டதும் கை தானாகக் குவிகிறது. பரீட்சை மாதத்தில் பிள்ளைகளின் பேனாவைக் கொண்டுவந்து படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துப் போகிறவர்களும் உண்டு. தடுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

ஆனைமலைப் பக்கத்திலிருந்து ஒருமுறை ஒரு பெரியவர் குடும்பத்தோடு வந்தார். பூதக்கண்ணாடி, கண்ணாடிக் குப்பிகள், ஐயாவின் குடை எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். அரைமணி நேரம் ஒருவர் கேட்டாரே என்று எனக்கும் நிறைவாக இருந்தது. கடைசியில் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வலது கையை நீட்டியபடி கேட்டார்: "எல்லாம் நல்லா இருக்குதுங்க. திருநீறு எங்கீங்க குடுப்பீங்க?"

ஆட்டுக்கல்

கூடத்தில் ஐயாவின் கட்டில், மண்பானை, ஆட்டுக்கல் ஆகியவை கயிறு கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. நகரத்திலிருந்து வருகிறவர்கள் அவற்றுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பக்கத்து ஊர்க்காரர்களுக்குத்தான் சங்கடம். தங்கள் வீட்டில் இருப்பதையே வந்து பார்த்தால் என்ன சொல்வார்கள்?

தேங்காய்த் தோப்பு வைத்திருக்கும் ஓர் அம்மா, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று அந்த ஆட்டுக்கல்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஏதோ நுணுக்கம் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்து அருகில் போனேன். "ஏனுங்க, இதே கல்லு எங்கூட்டுலயும் கெடக்குதுங்க," என்றார். "அதைப் பாக்கத்தான் இன்னும் ஆரும் பஸ் வெச்சு வரலீங்க."

மத்தியானச் சாப்பாடு

ஏழாவது வரை தமிழிலும் அதற்குமேல் மலையாளத்திலும் படித்தவன் நான். இந்த வேலை கிடைத்ததற்கு அதுதான் காரணம். கிழக்கிலிருந்து வரும் பள்ளிக்குத் தமிழில், மேற்கிலிருந்து வரும் பள்ளிக்கு மலையாளத்தில். ஒரே நாளில் இரண்டும் வந்துவிட்டால் மட்டும் நாக்கு தடுமாறும்.

அப்படி ஒரு நாள் நான் வாசலில் தமிழ்ப் பள்ளியோடு நிற்க, மலையாளப் பள்ளி தானாகவே உள்ளே போய், கூடத்தைத் தாண்டி, பின்கட்டுக்குள் நுழைந்துவிட்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் சரோஜாக்கா தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறார். "அந்தக் காலத்தில் இப்படித்தான் சமையல் செய்தார்கள்" என்று ஆசிரியை விளக்கிக்கொண்டிருந்தார். அக்கா துருவுவதை நிறுத்தாமல், தலையை மட்டும் நிமிர்த்தினார். "டீச்சர், இது அந்தக் காலம் இல்லீங்க. இன்னைக்கு மத்தியானத்துக்கு."

மேற்குப் பக்கம்

வெள்ளிக்கிழமைகளில் ஊர்ப் பெண்கள் புற்றுக்குப் பால் ஊற்ற வருவார்கள். மஞ்சள் பூசி, முட்டை வைத்து, கும்பிட்டுப் போவார்கள். ஐயாவுக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அவர் யாரையும் வரவேண்டாம் என்று சொன்னதில்லையாம். கரையான் வெளியே வந்து போகும் வாய்கள் மேற்கே இருந்ததால், கிழக்குப் பக்கம் மட்டும் ஊற்றும்படி கேட்டுக்கொண்டாராம். ஆராய்ச்சியும் பூஜையும் ஒரே புற்றைப் பங்கு போட்டுக்கொண்டு, சண்டையில்லாமல் நடந்திருக்கின்றன.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இது தெரியாது. கிழக்கே கூட்டமாக இருக்கிறதே என்று, பால் செம்போடு நின்ற ஒரு பெண்ணை மேற்கே போகச் சொன்னேன். ஐயா காலமான பிறகு பிறந்திருக்கக்கூடிய சின்ன வயது. ஐயாவைப் பார்த்திருக்கவே முடியாது. செம்பை மார்போடு அணைத்துக்கொண்டு, நான் ஏதோ தகாததைச் சொல்லிவிட்டதுபோல் ஒரு பார்வை பார்த்தார். "அங்க ஊத்தக் கூடாதுங்க. அது ஐயா பாக்கற பக்கம்."

மருந்துக்காரர்

கமிட்டி அனுப்பிய மருந்துக்காரர் பாலக்காட்டிலிருந்து வந்தார். வடக்கு அறையின் கதவு நிலையை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினார். பப்படத்தைத் தட்டியதுபோல் இருந்தது. "உள்ளே ஒண்ணுமில்ல சாரே, பெயிண்ட் மட்டும்தான் நிக்குது," என்றார். உத்தரத்தையும் தட்டினார். அதற்குமேல் அந்த அறையில் நிற்க அவருக்கே மனமில்லை.

வழி ஒன்றுதான் என்றார். அறையைச் சுற்றித் தரையில் துளை போட்டு மருந்து இறக்க வேண்டும், புற்றை உடைத்து ராணியை எடுத்துவிட வேண்டும், பிறகு மரத்தை மாற்றலாம். வெளியே வரும்போது சுவரில் ஐயாவின் வாழ்க்கைக் குறிப்பைக் கண்டு நின்றார். எழுத்துக்கூட்டி முழுவதையும் வாசித்தார். ஐயாவின் படத்தைப் பார்த்தார், திரும்பி அந்தக் கதவைப் பார்த்தார். "இத்தனை வருஷம் கூடவே இருந்திருக்காரு. அதுககிட்ட ஒரு வார்த்தை சொல்லி வெச்சிருக்கலாமே சாரே!"

சிமெண்ட்

கமிட்டி கூடியது. செயலாளர் ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர், மென்மையான மனிதர். ஆராய்ச்சி அறை போய்விட்டால் நினைவு இல்லத்தில் மிச்சம் என்ன என்று கேட்டார். அதுவும் நியாயம்தான். அக்காவுக்குக் கொடுத்த வாக்கு என்னாவது என்று நான் கேட்டேன். அதுவும் நியாயம்தான் என்று அவரும் ஒப்புக்கொண்டார். இரண்டு நியாயங்களையும் வைத்துக்கொண்டு இரண்டு தடவை டீ குடித்தோம். கடைசியில், வீட்டில் இருக்கிறவர் காப்பாளர்தான், அவரே பார்த்து முடிவு செய்யட்டும் என்று என் தலையில் கட்டிவிட்டு எழுந்தார்கள்.

கட்டட வேலை எடுத்துச் செய்யும் உறுப்பினர் ஒருவர் மட்டும் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். புற்றை எடுத்துவிட்டு அதே இடத்தில், அதே உயரத்தில், சிமெண்டில் ஒன்று செய்து தருகிறாராம். பால் ஊற்ற வருகிறவர்களுக்கும் குறை இருக்காதாம். என் முகத்தைப் பார்த்துவிட்டு, சிமெண்ட் புற்று நன்றாக வருமா என்றுதான் தயங்குகிறேன் என்று எண்ணிக்கொண்டு தோளைத் தட்டினார். "அசலை விட நல்லா இருக்கும்ங்க. மழைல கரையவும் கரையாது."

துவைக்கிற கல்

சரோஜாக்காவிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று பின்கட்டுக்குப் போனேன். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். புற்றைக் காப்பாற்றினால் ஐயாவின் ஆராய்ச்சி அறை போய்விடும் என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"எந்த அறைங்க தம்பி?"

"வடக்கு அறைதானுங்கக்கா."

"அது வெறகு போட்டு வெச்ச ரூமுங்க!" என்றார். "மத்த ரூமுக்கெல்லாம் கல்லுல கதவு நெலவும் இரும்பு உத்தரமும் மாத்துனப்ப, அப்பா அதை மட்டும் அப்படியே உட்டுட்டாரு. அதுகளுக்கும் திங்க ஒரு எடம் வேணுமல்லன்னாரு. அவரு மேசை முன்னறைல சும்மாதான் கெடந்துது. கமிட்டிக்காரங்க வந்துதான் வெளிச்சம் நல்லா இருக்குதுன்னு அங்க தூக்கிப் போட்டாங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா?"

"பெரிய பெரிய ஆளுங்க நின்னு டேப் புடிச்சு அளந்தாங்க. அவங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னு இருந்துட்டேன்."

அப்படியானால் ஐயா எங்கே உட்கார்ந்துதான் எழுதினார் என்று கேட்டேன். அக்கா வெங்காயக் கத்தியை ஜன்னல் வழியாகப் புற்றின் பக்கம் நீட்டினார். "மேக்கால அந்தத் தொவைக்கற கல்லு இருக்குதல்ல, அது மேலதான். எங்கம்மா துணி தொவைக்கோணும்னா மொதல்ல அவரை எழுப்பி உடோணும்."

ஆக, வந்தவர்களையெல்லாம் குரலைத் தாழ்த்திப் பேசச் சொல்லி இத்தனை நாளும் நான் காவல் காத்தது ஒரு விறகு அறையை.

மறுநாள் மருந்துக்காரரை வரவேண்டாம் என்று போனில் சொன்னேன். மேசையை முன்னறைக்குக் கொண்டுவந்து போட்டு, உத்தரம் யார் தலையிலும் விழாதபடி வடக்கு அறையின் கூரை ஓடுகளைப் பிரிக்க ஆள் வைத்து, 'ஆராய்ச்சி அறை' என்ற பலகையைக் கழற்றி, இரும்புக் குழாயில் பொருத்தி, புற்றுக்கு மேற்கே அந்தத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நட்டேன்.