கிரிவலக் கூட்டத்துக்குள் ஒரு பானை பன்றிக்கறி

திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் மலையைச் சுற்றப் போவார்கள். நான் போனது மூன்று கிலோ பன்றிக்கறி சமைக்க. சிரிக்காதீர்கள். கடந்த சித்திரையில் அந்த ஒரு பானையை இருபது கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அந்தப் பக்கம் சமைத்த சாப்பாட்டோடு பயணம் போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் கணவரின் தம்பி கணேசன் கீழ்பென்னாத்தூரில் இருக்கிறார். நெல்லும் வேர்க்கடலையும் போடும் குடும்பம். நாலு வருடத்துக்கு முன்னால் இவர் மட்டும் வெண்பன்றிப் பண்ணை வைத்தார். சொந்தக்காரர்கள் பாதிப் பேர் அவர் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதை நிறுத்தினார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டார். வழக்கமாக வாங்கிக்கொண்டிருந்த வியாபாரி தொழிலையே விட்டுவிட்டதுதான் பெரிய அடி. அடுத்த புதன்கிழமைக்குள் வேறு ஆள் கிடைக்காவிட்டால் ஆறு தாய்ப்பன்றிகளையும் வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவதாக என்னிடம் போனில் சொன்னார். குரலே சரியில்லை.

அந்தச் சமயத்தில்தான் ரோசலின் பற்றித் தெரியவந்தது. புதுச்சேரியில் மெக்சிகோ பாணி உணவகம் நடத்துகிறார். உதிர்த்த பன்றிக்கறியை மக்காச்சோள ரொட்டியில் வைத்து மடித்துத் தரும் டாக்கோதான் அங்கே பிரதானம். அந்த வாரம் ரமணாசிரமத்தைத் தாண்டி, செங்கம் சாலையில் ஒரு தோழி வீட்டில் தங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் புதுச்சேரிக்குக் கிளம்புகிறார். பேசிப் பார்த்ததில், ‘மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுவாங்க, ருசி பார்க்கிறேன்’ என்றார்.

பச்சைக் கறியாகவே கொடுத்திருக்கலாம். பண்ணைக்கே வரச் சொல்லியிருக்கலாம். கணேசனுக்குக் கூச்சம். பண்ணைக்கு வந்தவர்கள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு போனதைப் பார்த்தவர் அவர். “மொதல்ல நாக்கு, அப்புறம் மூக்கு. நானே சமைக்கிறேன், கொண்டுபோய்க் குடுப்போம்” என்று யோசனை சொன்னது நான்தான். என்னிடம் ஸ்லோ குக்கர் இருக்கிறது, அதாவது எட்டு மணி நேரம் மெல்லிய சூட்டில் வேகவைக்கும் மின்சாரப் பானை. வாங்கிய நாளிலிருந்து அதற்கு ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு பௌர்ணமி என்பது இருவருக்கும் தெரியும். “திதி ராத்திரிதான் ஆரம்பம் அண்ணி. கூட்டம் சாயங்காலம் மேலதான் ஜாஸ்தியாகும். நாம பத்தரைக்கெல்லாம் அந்தப் பக்கம் போயிடலாம்” என்றார் கணேசன். உள்ளூர்க்காரர் சொல்கிறார், நான் என்ன சொல்ல? ஞாயிறு விடுமுறை, கூடவே சித்திரை மாதப் பௌர்ணமி. சனிக்கிழமையே ஊர் நிரம்பிவிடும் என்பது எங்கள் இருவர் மண்டையிலும் ஏறவில்லை.

சென்னை கிளாம்பாக்கத்தில் சனிக்கிழமை மதியம் பஸ் ஏறினால், திண்டிவனம், செஞ்சி வழியாக நாலு மணி நேரத்தில் கீழ்பென்னாத்தூரில் இறங்கலாம். எனக்கு ஐந்தே கால் மணி நேரம் ஆனது. குக்கரை மடியிலேயே வைத்திருந்தேன். பக்கத்து சீட் அம்மா அதைக் கிரைண்டர் என்று நினைத்து விலை கேட்டார்.

சமையலைச் சொல்லிவிடுகிறேன். பன்றியின் முன்தொடைக் கறிதான் இதற்குச் சரி, கொழுப்போடு. பின்தொடை வேண்டாம், காய்ந்து நார் நாராகிவிடும். உப்பு, மிளகுத்தூள், சீரகத்தூள் தடவி ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். பெரிய துண்டுகளாக இரும்புச் சட்டியில் நாலு பக்கமும் சிவக்க வறுத்தேன். இதைத் தவிர்த்தால் நிறமும் வராது, மணமும் வராது. பானையின் அடியில் வெங்காயம், இரண்டு முழுப் பூண்டு, பிரிஞ்சி இலை, கொதிநீரில் ஊறவைத்து அரைத்த குண்டு மிளகாய். மெக்சிகோக்காரர்கள் போடும் காய்ந்த இலைக்குப் பதில் ஓமவல்லியை நிழலில் உலர்த்திக் கொண்டுபோயிருந்தேன். நாலு சாத்துக்குடியின் சாறு. தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது, கறியே விட்டுக்கொள்ளும். குறைந்த சூட்டில் வைத்து மூடிவிட்டுத் தூங்கப் போய்விட்டோம்.

காலை ஆறரைக்குத் திறந்தேன். முள்கரண்டியை வைத்ததும் கறி தானாகப் பிரிந்தது. கணேசன் ஒரு துண்டை வாயில் போட்டு நிதானமாக மென்றார். அப்புறம், “இது நம்ம பன்னியா அண்ணி?” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முழுதும் உதிர்த்தால் சீக்கிரம் ஆறிவிடும். அதனால் துண்டுகளாகவே சாற்றில் விட்டு, கிளம்பும்வரை குக்கரின் சூடு குறையாமல் பார்த்துக்கொண்டேன்.

ஒன்பதே காலுக்கு ஆட்டோ. ஓட்டுநர் முருகேசன், போக வர ஆயிரத்து இருநூறு ரூபாய் என்று பேச்சு. மரப்பெட்டியில் வைக்கோல் திணித்து, பானையைக் கம்பளியால் சுற்றி உள்ளே வைத்து, காலடியில் வைத்துக்கொண்டோம். இப்படிச் சுற்றினால் இரண்டு மணி நேரம் சூடு நிற்கும். ஒரு மணி நேரப் பயணம்தானே.

முருகேசன் மோப்பம் பிடித்தபடி, “உள்ள இன்னான்னு நான் கேக்கல, நீங்களும் சொல்லாதீங்க. நானு மாலை போட்டிருக்கேன்” என்றார். சரி என்றோம்.

திண்டிவனம் சாலையில் நகர எல்லையைத் தொடுவதற்கு முன்பே வண்டிகள் நின்றன. பௌர்ணமிக்காகத் திறக்கும் தற்காலிகப் பேருந்து நிலையத்திலிருந்து ஜனம் சாலை முழுக்க நடந்துகொண்டிருந்தது. பத்தரை ஆனது. பதினொன்றும் ஆனது. நாங்கள் நகர்ந்தது இருநூறு மீட்டர் இருக்கும். ஆட்டோக் கூரை வழியாக வெயில் இறங்குகிறது. கணேசன் கம்பளிக்குள் கையை விட்டு விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். “சூடு இருக்குது” என்பார்.

“வடக்கால சுத்தி அடி அண்ணாமலை வழியா போயிடலாம், அங்க போலீஸ் கம்மி” என்று முருகேசன் திருப்பினார். கிராமத்துச் சாலைகளில் குலுங்கிக் குலுங்கிப் போய், பன்னிரண்டரைக்கு அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையைத் தொட்டோம். அங்கே தடுப்புக் கட்டை. ஒரு இளம் காவலர் குனிந்து உள்ளே பார்த்தார். கம்பளி சுற்றிய பெரிய பானை. பௌர்ணமியன்று இந்தப் பாதையில் பானை என்றால் யாருக்கும் ஒரே அர்த்தம்தான்.

“அன்னதானமா?”

நான் வாயைத் திறப்பதற்குள், “ஆமாங்க சார்” என்றார் முருகேசன். கட்டை விலகியது. நானும் திறந்த வாயை மூடிக்கொண்டேன். இன்னும் ஐந்து கிலோமீட்டர் போனால் செங்கம் சாலை.

நூறு மீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம். கூட்டம் வண்டியைச் சூழ்ந்தது. சீரகமும் பூண்டும் மணத்திருக்க வேண்டும். வெறுங்காலோடு நடந்து வந்தவர்கள் பாக்குமட்டைத் தட்டை நீட்டினார்கள். பின்னால் வரிசையே நிற்கத் தொடங்கிவிட்டது. நெற்றியில் விபூதி, தலையில் ஈரத்துண்டு, என் வயதுதான் இருக்கும் ஒரு பெண், ஆட்டோவுக்குள் கை நீட்டினார்.

“அண்ணே, ஒரு கரண்டி போதும்ணே. காலைலேருந்து நடக்குறோம்.”

யாராவது கம்பளியை விலக்கினால்? நான் பானை மேல் குனிந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பயம் என்றால் அப்படி ஒரு பயம். விரதத்தில் இருப்பவர் வாயில் ஒரு துணுக்கு போய்விட்டால் அதை எப்படித் திருப்பி எடுப்பது? முருகேசன் ஹாரனை அடிக்கிறார், வழி கிடைக்கவில்லை.

கணேசன் இறங்கினார். இரண்டு கையும் கும்பிட்டபடி, “அம்மா, மன்னிச்சிருங்க. இது அன்னதானம் இல்ல. உள்ள இருக்கறது கறி. வழி தப்பி வந்துட்டோம்” என்றார்.

நீட்டிய தட்டுகள் பின்வாங்கின. அப்புறம் பின்னாலிருந்து ஒருவர் பாய்ந்து வந்தார். “கிரிவலப் பாதையில கறியா? எவ்ளோ துணிச்சல் இருக்கணும் உனக்கு?” அவர் கை கணேசன் சட்டைக்காலரில் இருந்தது. நான் இறங்கிவிட்டேன். என்ன செய்வதென்று தெரியாமலே இறங்கினேன். நடுவில் வந்து நின்றது தட்டு நீட்டிய அந்தப் பெண்தான்.

“விடுங்கண்ணா. சொல்லாம குடுத்திருந்தா இன்னா பண்ணியிருப்போம்? அவருதான் சொல்லிட்டாரே.”

கை விலகியது. அந்தப் பெண் எங்களைப் பார்த்து, “திரும்பிப் போயிருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். ஆட்டோவைத் திருப்புவதற்கு அதே கூட்டம்தான் ஒதுங்கி வழி விட்டது. கட்டையருகே காவலரிடமும் கணேசன் உள்ளதைச் சொன்னார். அவர் முருகேசனைத் திட்டிய திட்டை நான் இங்கே எழுதமாட்டேன். அத்தனையும் நியாயம்.

வந்த வழியே முழுவதும் திரும்பி, தெற்கே புறவழிச்சாலையைப் பிடித்து, செங்கம் சாலை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு இருபது. மொத்தம் ஐந்து மணி நேரம். ரோசலின் வாசலிலேயே நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும், வெட்டிவிட்ட முடி, முகத்தில் சிரிப்பு இல்லை. உள்ளே தோசைக்கல்லில் மக்காச்சோள ரொட்டி வெந்துகொண்டிருந்தது. வெங்காயம், கொத்தமல்லி, பட்டர் ஃப்ரூட் எல்லாம் நறுக்கித் தயார்.

“இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு. சீக்கிரம் எடுத்து வைங்க” என்றார்.

சமையலறையில் பானையைத் திறந்தோம். கணேசன் சாற்றில் விரலை விட்டார். எடுக்கவில்லை. அப்படியே வைத்திருந்தார். நானும் விட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். சித்திரை வெயிலில் எத்தனை நேரமாக அப்படி இருந்ததோ.

மணம் நன்றாகத்தான் இருந்தது. நான் மெதுவாகச் சொன்னேன்: “கணேசா, அடுப்புல வச்சு நல்லா கொதிக்க விட்டுக் குடுத்துடலாம். யாருக்கும் ஒண்ணும் ஆகாது.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “கொதிச்சா சரியாயிடும்னு உங்க பிளாக்ல எழுதுவீங்களா அண்ணி?”

எழுதமாட்டேன். வெதுவெதுப்பில் கிடந்த கறியில் சேருகிற விஷம் சிலது கொதித்தாலும் போகாது என்று நானே எழுதியிருக்கிறேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புதன்கிழமை வண்டி வரப்போகிறது, கையில் இருந்த ஒரே வாய்ப்பு இந்தப் பானை, அதைக் கொட்டச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவருக்கு வந்தது.

கூடத்துக்குப் போனார். “மேடம், வழியில அஞ்சு மணி நேரம் ஆயிடுச்சு. கறி ஆறிப்போச்சு. நீங்க இத சாப்பிட வேணாம்.”

“கெட்டுப் போச்சா?”

“தெரியலீங்க. தெரியாததாலதான் வேணாம்னு சொல்றேன். ஏற்கெனவே பன்னின்னா அசிங்கம்ங்கறாங்க. எங்க பண்ணை கறி தின்னு ஒருத்தருக்கு வயிறு கெட்டா, அப்புறம் நான் வாயே திறக்க முடியாது.”

ரோசலின் பானை அருகே வந்து மோந்து பார்த்தார். “எங்க கொட்டப் போறீங்க?” என்றார். நாய் கிளறாத ஆழத்துக்குத் தோட்டத்து மூலையில் கணேசன் குழி வெட்டினார். ரோசலின் பக்கத்திலேயே நின்று கடைசித் துண்டு விழும்வரை பார்த்தார். நான் பார்க்கவில்லை. ரொட்டியும் பட்டர் ஃப்ரூட்டும் தின்றோம். எனக்கு எதுவும் இறங்கவில்லை.

மூன்று மணிக்குக் கார் சாவியை எடுத்துக்கொண்டு, “கீழ்பென்னாத்தூர் நான் போற வழிதானே? பண்ணையைக் காட்டுங்க” என்றார். ஆட்டோவுக்குப் பேசியதுக்கு மேல் முந்நூறு கொடுத்து அனுப்பிவிட்டு, அவர் காரிலேயே போனோம். பண்ணையில் அவர் மூக்கைப் பொத்தவில்லை. தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார், தீவனத்தைக் கையில் அள்ளிப் பார்த்தார், உறைபெட்டியில் இருந்த இன்னொரு முன்தொடையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். “சமைச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்” என்றார். இதே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனவர்கள் நிறையப் பேர் என்று கணேசன் அன்று ராத்திரி சொன்னார்.

இனி, போகிறவர்களுக்கு. பௌர்ணமி என்றால் திதி நேரத்தை மட்டும் நம்பாதீர்கள், விடுமுறையோடு சேர்ந்தால் முதல் நாளே ஊர் அடைபட்டுவிடும். கிழக்கிலிருந்து செங்கம் சாலைக்குப் போக வேண்டுமானால் தொடக்கத்திலேயே தெற்குப் புறவழிச்சாலை, குறுக்கு வழி பேச்சே வேண்டாம். கிரிவலப் பாதைக்குள் அசைவத்தோடு நுழையாதீர்கள், தெரியாமல்கூட. இந்தக் கறியைத் தூரம் கொண்டுபோவதானால் சமைத்து, உதிர்த்து, முழுக்கக் குளிரவைத்து ஐஸ் பெட்டியில் எடுத்துப் போங்கள், போன இடத்தில் சூடாக்குங்கள். சூடாகவே கொண்டுபோகிறேன் என்று என்னைப் போல வீம்பு பிடித்தால், இரண்டு மணி நேரம்தான் கணக்கு. அதற்கு மேல் எவ்வளவு மணந்தாலும் குழிதான்.

செவ்வாய்க்கிழமை ரோசலின் கணேசனைக் கூப்பிட்டிருக்கிறார். கறி சரியாக உதிர்கிறதாம். ஆனால் அவர் கடைக்கு வாரம் பதினைந்து கிலோதான் தேவை. ஆறு தாய்ப்பன்றிகளை வைத்துத் தீவனம் போட அது போதாது. புதன்கிழமை மதியம் எனக்கு போன் வந்தது. பின்னால் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. எத்தனை என்று கேட்கப் பயமாக இருந்தது.

“மூணு ஏத்திட்டேன் அண்ணி” என்றார் கணேசன். வண்டிச் சத்தம் தேய்ந்ததும், “மூணு நிக்குது” என்றார்.