குழந்தைக் குளியலை நிறுத்திய தங்கை

போன பொங்கலுக்குச் செஞ்சி பக்கத்தில் சிங்கவரத்தில், என் அம்மா வீட்டில் இருந்தேன். மகன் பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சென்னையில் ஆராய்ச்சி படிக்கும் என் தங்கையும் லீவில் வந்திருந்தாள். 'இன்னும் இன்னாதான் படிக்குது உன் தங்கச்சி?' என்று யார் கேட்டாலும், 'ஏதோ எலி மூளை' என்று நழுவிவிடுவேன். எனக்கே புரிந்தால்தானே!

எங்கள் தெருவில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் குளிப்பாட்ட அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். அன்று சொந்தப் பேரனுக்குக் குளியல். வேடிக்கை பார்க்க அக்கம்பக்கத்துப் பெண்கள் வேறு. அம்மா எண்ணெய் தேய்த்து, தன் காலை நீட்டி அதன்மேல் படுக்கவைத்து, வெந்நீர் ஊற்றி முடித்தாள். உடம்பு வலி போகவென்று கடைசியில் குழந்தையைத் தலைகீழாகத் தூக்கி உதறுவது அவள் வழக்கம். கால்களைப் பிடித்ததுதான் தாமதம், 'எம்மா, உதறாத! கீழ வை!' என்று கத்திக்கொண்டே தங்கை ஓடிவந்தாள்.

அம்மாவுக்கு வந்ததே கோபம், அதுவும் அத்தனை பேர் முன்னால்!

'உங்க ரெண்டு பேரையும் இப்டித்தான் உதறுனேன். இன்னா கெட்டுப்போச்சு?'

நான் பதறி எழுந்தேன். யாரை நம்புவது?

தங்கை குழந்தையை வாங்கித் துண்டில் சுற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, போனில் இரண்டு படங்களைக் காட்டினாள்.

'இது அப்பதான் பொறந்த எலிக்குட்டி மூளை. செவப்பா இருக்குதே, அது ரத்தக் குழாய். வெறுமனே கெடக்குது பாரு. இது கொஞ்சம் வளந்த குட்டி. பச்சையா நட்சத்திரம் மாதிரி செல்லுங்க வந்து, கொழாயைச் சுத்திக் காலால புடிச்சிக்கினு இருக்குது. ஆஸ்ட்ரோசைட்னு பேரு. பொறந்த பிறகுதான் இந்த வேலையே மும்முரமா நடக்கும். நம்ம புள்ளைக்கும் மூளை இன்னும் கட்டி முடியலம்மா. உதறுனா ரத்தக் குழாய் அறுந்துடும்னு டாக்டருங்களே சொல்றாங்க.'

அம்மா படத்தையே பார்த்தாள். பிறகு, எங்கள் நைனா புதிதாக எழுப்பி இன்னும் பூசாமல் விட்டிருந்த மாடிச் சுவரை நிமிர்ந்து பார்த்தாள்.

'பூச்சு வேலை பாக்கின்னு சொல்லு. அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடி?'

அடுத்த மாதம் எதிர் வீட்டில் ஒரு குழந்தையைக் குளிப்பாட்ட அம்மா போனபோது நானும் கூடப் போனேன். தலையை உள்ளங்கையில் தாங்கிக் குளிப்பாட்டி, அலுங்காமல் துண்டில் கிடத்தினாள். 'உதறலியா?' என்று அந்த வீட்டுக்காரம்மா கேட்டார்.

'கூடாது. உள்ள பூச்சு வேலை நடக்குது. எம் பொண்ணு கண்ணால பாத்திருக்குது' என்றாள் அம்மா. அந்த 'எம் பொண்ணு'வில் இருந்த மிடுக்கு இருக்கிறதே!

இப்போதெல்லாம் தங்கை என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் நான் நழுவுவதில்லை. மகனை மடியில் வைத்துக்கொண்டு, அவர்களை உட்காரச் சொல்லி, அவன் தலைக்குள் நடக்கும் வேலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.