ஊதாப் பாறை

என் மகள் போஸ்டர் கலர் புட்டியைத் திறந்ததும் வந்த வாசனையில், ஆம்பூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த பாறைக்குன்று நினைவுக்கு வந்தது. இன்று அது இல்லை, ஜல்லிக்காக உடைத்துவிட்டார்கள்.

பள்ளிவிட்டதும் நானும் என் தோழி ஷபானாவும், தோல் பதனிடும் ஷெட் நாற்றத்தைப் பொருட்படுத்தாமல் குன்றின் எதிரே உட்கார்ந்து, வெயில் சாயச் சாயச் சாம்பல் பாறை ஊதாவாக மாறுவதையும், வெடிப்பில் வேம்பு வேரூன்றி நிற்பதையும் பார்த்துப் பார்த்தே தீட்டக் கற்றோம்.

டிராயிங் மாஸ்டர் என் படத்தை வகுப்புக்குத் தூக்கிக் காட்டினார். “பாறை இன்னா ஊதாவா? மலைன்னா பச்சை அடிக்கணும்.”

“சாயங்காலம் வந்து பாருங்க சார்” என்றேன்.

கிழித்துப் போட்டார்.

மறுநாள் இன்னும் அடர்ந்த ஊதாவில் தீட்டி அவர் மேசையில் வைத்தேன். அவர் கை நீட்டுமுன், ஷபானா தன்னுடைய ஊதாப் பாறையையும் அதன்மேல் வைத்தாள்.